பூப்பும் உடல் நலமும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் வீடுதோறும் மாதந்தோறும் நிகழ்வது. ஆயினும் எவ்வீட்டிலும் வாய்திறந்து பேசப்படாதது. மகளிர்க்கு மாதந்தோறும் உண்டாகும் பூப்பும், அதனை உள்ளிருந்து நடத்தும் சுரப்புக்களும், அவை நிலைமாறியவிடத்து உடலுக்கு வரும் கேடுகளும் என்பனவே அப்பொருள். இதனை எமக்கு வகுத்தளித்த செயற்குழுவினர்க்கு நன்றியுடையோம். “தமிழாசிரியர் ஒருவர், அதிலும் ஆடவர், இதனைச் சங்க மேடையிற் பேசலாமோ?” என்று பெரியோர் சிலர் வினவியதும் எம் செவிக்கு எட்டிற்று. அவ்வினா நன்னோக்கத்தினின்றும் எழுந்தது. ஆகலின் அதற்கு விடை கூறி மேற்செல்லுதலே முறை.

யாம் மருத்துவரல்லோம், மருத்துவம் செய்யவும் இங்கு வந்திலோம். சொல்லும் பொருளும் கற்பித்தலே எம் தொழில். ஆயினும், பள்ளிக்கூடத்துக் காலை வழிபாட்டில் நின்றவாறே மயங்கி விழும் பெண்பிள்ளைகளை நிழலில் அமர்த்தி நீர் தருவிக்கும் பணியும் ஆசிரியர்க்கு உரியதே. “என்னம்மா உடம்புக்கு?” என்று கேட்டால் அப்பிள்ளை தலைகவிழும்; பக்கத்தில் நிற்பவள் “வயிற்றுவலி, ஐயா” என்பாள். அவ்வொரு சொல்லின் பின்னே எத்தனை நோய்கள் ஒளிந்து நிற்கின்றன! மிகுதியான போக்கும் வயிற்றுவலியே. மூன்று மாதம் வாராமையும் வயிற்றுவலியே. இரத்தச் சோகையும் வயிற்றுவலியே. தன் துன்பத்தைப் பெயர் சொல்லி உரைக்க அறியாதவள் மருத்துவர் முன்னிலையில் அமர்ந்தும் ஊமையே ஆகின்றாள். சொல்லைக் கொடுத்தல் தமிழாசிரியன் கடமையன்றோ? ஆகலின் இம்மேடை எமக்குப் புறம்பானதன்று.

இனி, ஆடவர் இதனைக் கேட்டற்குக் காரணம் யாதெனில், திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புக் கூறுகின்றார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என்பன அவை. நம் வீடுகளில் உடனிருந்து உதவ வேண்டியவர் யாவர்? மருத்துவமனைக்குப் பணம் எடுத்துத் தருபவர் தந்தையார். வண்டியில் அழைத்துச் செல்பவர் தமையனார். செல்லலாம், வேண்டா என்று தீர்ப்புச் சொல்பவரும் பெரும்பாலும் ஆடவரே. இன்னது நோய் என்று அறியாதவர் எங்ஙனம் உதவுவர்? நான்கில் ஓருறுப்புக் குறைந்த மருத்துவம் நிரம்பாது என்பது வெளிப்படை.

நிற்க. இப்பொருள்பற்றிப் பேசாதிருத்தல் பண்டை மரபென்று கூறுவார் உளர். அற்றன்று. தொல்காப்பியத்துக் கற்பியலில், பூப்பினை ஒட்டிய பன்னிரண்டு நாளும் கணவன் பிரிந்துறைதல் அறநெறியன்று என்னும் கருத்தமைந்த நூற்பா உளது. உரையாசிரியர்கள் அதனைக் கருவுறுங் காலத்தோடு இயைத்து உரைப்பர். இலக்கணநூலார் ஒருவர் கூசாது எடுத்தோதிய பொருளை நாம் கூசி மறைக்கின்றோம். ஒதுங்கியிருக்கும் வழக்கமும் பழையதே என்பதை மறுக்க வேண்டுவதில்லை. முருகன் கோட்டத்தில் கலந்தொடாது நிற்கும் மகளிர் புறநானூற்றுப் பாட்டொன்றில் உவமையாக வருகின்றனர். ஒதுங்குதலும் பழமை, எடுத்துப் பேசுதலும் பழமை. நாமோ முன்னதை மட்டும் போற்றிக்கொண்டு பின்னதைக் கைவிட்டோம். கோயில் வழக்கும் வீட்டு வழக்கும் பற்றி வாதிட யாம் ஈண்டு வந்திலோம். பேசாமையால் விளையும் நோயைப் பற்றியே பேசுகின்றோம்.

நம் ஒழுக்கத்திலுள்ள முரண்பாடு ஒன்றை நோக்குங்கள். ஒரு பெண் முதன்முதற் பூப்பெய்தியவுடன் உறவினர் அனைவர்க்கும் அழைப்பிதழ் அச்சிட்டு அனுப்புகின்றோம், மண்டபம் பிடிக்கின்றோம், தாய்மாமன் சீர் கொணர்கின்றார், மஞ்சள் நீராட்டி ஊரறிய விழா எடுக்கின்றோம். முதற்பூப்பை ஊருக்கு அறிவித்த நாமே, இரண்டாம் பூப்பு வந்ததா, வாராதொழிந்ததா என்று அப்பெண்ணை ஒருநாளும் கேட்பதில்லை. அன்று முதல் அதற்குத் ‘தூரம்’ என்றும், ‘வீட்டுக்கு விலக்கு’ என்றும் மறைபெயர்கள் வழங்கப்படும். பெயர் மறைந்தது, பெயரோடு பொருளும் மறைந்தது.

இனி, உடலினுள் நிகழ்வது இன்னதென்று காண்போம். உடலில் நாளங்கள் இல்லாத சுரப்பிகள் சில உள. அவை தாம் சுரக்கும் நீரை நேரே குருதியிற் கலக்கின்றன. அந்நீர் உடலின் ஒரு மூலையிற் சுரந்து மற்றொரு மூலையிலுள்ள உறுப்பைத் தொழிற்படுத்தும். அதற்கு ஹார்மோன் என்னும் பெயரை 1905ஆம் ஆண்டு இலண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்னும் உடலியலறிஞர் வழங்கினார். கிளர்ந்தெழச் செய்வது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது அது. ‘ஹார்மோன் கோளாறு’ என்று இன்று யாவரும் கூறுகின்றனர். அஃது ஏதோ ஒரு நோயின் பெயரென்று கருதுவாரும் உளர். ஹார்மோன் நோயன்று, உடலுறுப்புக்கள் ஒன்றற்கொன்று விடுக்கும் ஓலை என்க.

மகளிர் மாத ஒழுங்கில் நான்கு இடங்கள் தொழிற்படுகின்றன. மூளையின் அடியில் ஹைபோதலாமஸ் என்னும் பகுதி; அதன்கீழ்ப் பட்டாணியளவினதாகிய பிட்யூட்டரிச் சுரப்பி; அடிவயிற்றில் சினைப்பைகள் இரண்டு; அவற்றிடையே கருப்பை. ஹைபோதலாமஸ் ஏறக்குறைய ஒன்று ஒன்றரை மணிக்கு ஒருமுறை சிறு துடிப்பாக ஒரு நீரை விடுக்கும். அது பெற்ற பிட்யூட்டரி, சினைப்பையைத் தூண்டும் நீர்கள் இரண்டனை அனுப்பும். அவற்றால் சினைப்பையிலுள்ள நுண்ணிய முட்டைப் பைகள் சில வளரத் தொடங்கி, அவற்றுள் ஒன்று முந்தும். வளரும் பை ஈஸ்ட்ரோஜன் என்னும் நீரைச் சுரக்க, அதனாற் கருப்பையின் உள்வரி தடிக்கும். ஈஸ்ட்ரோஜன் உச்சநிலை அடைந்தவுடன் பிட்யூட்டரி தன் நீரைப் பெருக்கி விடுக்க, முட்டை பையினின்றும் வெளிப்படும். முட்டை நீங்கிய பை மஞ்சள் நிறமுடைய சிறு சுரப்பியாக மாறிப் புரோஜெஸ்டிரோன் என்னும் நீரைத் தரும். அந்நீர் உள்வரியைக் கருத் தங்குதற்கு ஏற்பப் பதப்படுத்தும். கரு அமையாதாயின், ஏறத்தாழப் பதினான்கு நாளில் அம்மஞ்சட் சுரப்பி ஓயும், நீர் வற்றும், தாங்குவார் இல்லாத உள்வரி குருதியோடு கழலும். இதுவே மாதவிடாய்.

முட்டை வெளிப்படுங் காலத்தை, அடுத்த பூப்பினின்று பின்னோக்கி எண்ணியே அறிதல் வேண்டும் என்னும் உண்மையை 1924ஆம் ஆண்டு ஜப்பான் நாட்டு ஒகினோ என்னும் மருத்துவரும், 1928ஆம் ஆண்டு ஆஸ்திரிய நாட்டுக் கினாஸ் என்னும் மருத்துவரும் தனித்தனியே வெளியிட்டனர். 28 நாட்கு ஒருமுறை வருபவட்கு அது நடுநாளாகிய பதினான்காம் நாளில் நிகழும். 35 நாட்கு ஒருமுறை வருபவட்கு இருபத்தோராம் நாளளவில் நிகழும். ஒருத்திக்கு நாள் நீள்வது பெரும்பாலும் முற்பகுதி நீள்வதனாலேயாம்.

இதனால் அறியக்கிடப்பன இரண்டு. முதலாவது, வெளிப்படுவது ‘கெட்ட இரத்தம்’ அன்று. குழவியைத் தாங்குதற்கென உடல் விரித்த படுக்கையும், உடலெங்கும் ஓடும் அதே குருதியுமே அது. அதன்பால் அழுக்கும் நஞ்சும் இல்லை. இரண்டாவது, மாத ஒழுங்கு கருப்பை ஒன்றனால் மட்டும் நடப்பதன்று. மூளையும், தைராய்டும், உணவும், உறக்கமும், உள்ளக் கவலையும் அதனுள் வந்து கலக்கின்றன. பட்டினி கிடப்பவட்கும், திடீரென உடல் மெலிந்தவட்கும், பெருங்கவலை உற்றவட்கும் ஹைபோதலாமஸின் துடிப்புத் தளர்ந்து பூப்பு நின்றுவிடும். வருகை தவறுதல் உடல்முழுதின் நிலையைத் தெரிவிக்கும் அறிகுறி என்று கொள்க.

நிற்க. ஒழுங்கு எது, ஒழுங்கின்மை எது என்பதற்கு அளவு வேண்டும். நாள் எண்ணும் முறையிலேயே நம்மவர் பலர் தவறுகின்றனர். போக்கு நின்ற நாளிலிருந்து எண்ணுதல் கூடாது. தொடங்கிய முதல்நாளிலிருந்து அடுத்தது தொடங்கும் முதல்நாள் வரையில் எண்ணுதல் வேண்டும். வளர்ந்த மகளிர்க்கு அவ்விடைவெளி 21 முதல் 35 நாள்வரை இருத்தல் இயல்பு. 28 நாளே விதி என்று எண்ணி 31ஆம் நாளிற் கலங்க வேண்டா. பூப்பெய்திய முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மூளைக்கும் சினைப்பைக்கும் உள்ள தொடர்பு முதிராமையால், சிறுமியர்க்கு 45 நாள்வரை தள்ளிப்போதலும் உண்டு. போக்கு இரண்டு முதல் ஏழு நாள்வரை இருக்கலாம். அதன் அளவு ஒருமுறைக்குப் பொதுவாக 30 அல்லது 40 மில்லிலிட்டர். அஃதாவது இரண்டு மூன்று மேசைக்கரண்டியே. 80 மில்லிலிட்டருக்கு மேற்படின் மிகை.

பூப்பெய்தியவுடன் பெண் மணத்துக்கு உரியவளாயினாள் என்று முன்னோர் கருதினர். பூப்புக்கு முன்னரே மணமுடித்த வழக்கமும் இந்நாட்டில் இருந்தது. முதல் ஆண்டுகளிற் பல மாதங்களில் முட்டை வெளிப்படாமலே போக்கு மட்டும் நிகழ்கின்றது. இடுப்பெலும்பும் அதன்பின்னரே வளர்ந்து நிரம்புகின்றது. ஆகலின் பூப்பு வளர்ச்சியின் தொடக்கமேயன்றி முடிவன்று. 2006ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்குப் பதினெட்டு வயது நிரம்பும்வரை மணம் கூடாதென்று விதித்திருப்பதும் உடலியலுக்கு ஒத்ததே.

இனி நோய்களுக்கு வருவோம். முதற்கண் இரத்தச் சோகை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள மகளிருள் நூற்றுக்கு 57 பேர் சோகையுடையோர். 15 முதல் 19 வயதுப் பெண்களுள் நூற்றுக்கு 59 பேர். ஆடவருள் நூற்றுக்கு 25 பேரே. இவ்வேறுபாட்டின் காரணங்களை வரவு செலவுக் கணக்காகப் பாருங்கள். ஒரு மில்லிலிட்டர் குருதியில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்புச் சத்து உளது. 80 மில்லிலிட்டர் இழப்பவள் மாதந்தோறும் 40 மில்லிகிராம் இழக்கின்றாள். உணவினின்று உடல் கொள்ளும் இரும்போ நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமே. அதிலும் மகள் கடைசியில் உண்டு, மீந்ததை உண்டு, உண்டவுடன் தேநீர் பருகுவாளாயின் வரவு இன்னுங் குறையும். தேநீர் இரும்பை உடல் கொள்ளாதவாறு தடுப்பது. மாதந்தோறும் பற்று மிகுந்து வரவு குறையும் கடை எத்தனை நாள் நிலைக்கும்? மூச்சிரைப்பு, படிக்கட்டு ஏறுகையில் நெஞ்சுத் துடிப்பு, முடி உதிர்தல், பாடத்தில் மனஞ்செல்லாமை ஆகிய இவற்றையெல்லாம் சோம்பல் என்று கடிந்துகொள்ளுகின்றோம்.

முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள், பயறுவகைகள், உண்பவராயின் இறைச்சியும் ஈரலும், இவற்றோடு எலுமிச்சை நெல்லி முதலிய புளிப்புக் கனிகள் என்பன உதவும். ஆயினும் சோகை முற்றியபின் உணவு ஒன்றே போதாது. மாத்திரை சில மாதம் உட்கொள்ளுதல் வேண்டும். பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையை நம் பிள்ளைகள் பலர் வாங்கி எறிந்துவிடுகின்றனர். வெறும் வயிற்றில் உண்டு குமட்டியதே காரணம். உணவுக்குப்பின் உண்ணச் சொல்லுங்கள்.

இரண்டாவது, இந்நாளில் மிகுதியாகக் கேட்கப்படும் ‘நீர்க்கட்டி’. இச்சொல்லே பெற்றோர் பலரை நடுங்கச் செய்கின்றது. கட்டியென்றவுடன் அறுவையென்றும் புற்றென்றும் எண்ணி உறக்கம் இழக்கின்றனர். 1935ஆம் ஆண்டு சிகாகோ நகரத்து மருத்துவர்களாகிய ஸ்டைன், லெவெந்தால் என்னும் இருவர் ஏழு பெண்களை ஆராய்ந்து இந்நிலையை வெளியிட்டனர். சினைப்பையில் தோன்றுவன கட்டிகளல்ல. வளரத் தொடங்கி நடுவழியில் நின்றுபோன முட்டைப் பைகளே. அவற்றை அறுத்தெறிய வேண்டுவதில்லை. உலகெங்கும் மகப்பேற்று வயதிலுள்ள மகளிருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்க்கு இந்நிலை உண்டென்பர். ஆகலின் நம் சங்கத்துக் குடும்பங்களிலும் இஃது இல்லாதிருத்தல் இயலாது.

இதன் உட்காரணம் பலருள் இன்சுலின் என்னும் நீரைச் சார்ந்தது. உடல் இன்சுலினுக்குச் செவ்வையாக இணங்காதபோது அது மேன்மேலும் சுரக்கும். மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, ஆண்மை நீரை அளவிறந்து சுரக்கச் செய்யும். அதனால் முட்டை முதிராது. அடையாளங்கள் யாவை? பூப்பு இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போதல், மேலுதட்டிலும் முகவாயிலும் தடித்த மயிர், நீங்காத முகப்பரு, பிடரியிலும் அக்குளிலும் கரிய தடிப்பு. இக்கருமையை அழுக்கென்று எண்ணிக் கடலைமாவு கொண்டு தோல் உரியத் தேய்க்கும் தாய்மாரை யாம் அறிவோம். அஃது அழுக்கன்று, இன்சுலின் மிகுதியைத் தோல் காட்டும் அறிகுறி. தேய்த்தலால் நீங்காது; பரிசோதித்து நடந்தால் குறையும்.

ஒரு செய்தியை இவ்விடத்து வற்புறுத்துகின்றோம். பூப்பெய்தி எட்டாண்டு நிரம்பாத பெண்ணின் சினைப்பையில் முட்டைப் பைகள் மிகுதியாகக் காணப்படுதல் இயல்பே. ஆகலின் ஸ்கேன் தாளில் எழுதியதை மட்டும் கொண்டு சிறுமிக்கு இந்நோய் உண்டென்று முடிவு செய்தல் கூடாதென்று 2018ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் வெளிவந்த பன்னாட்டு மருத்துவ நெறிமுறைகள் கூறுகின்றன. நாளொழுங்கும், உடற்குறிகளும், குருதிச் சோதனையும் சேர்ந்தே தீர்மானிக்கத் தக்கன.

இந்நிலையைப் புறக்கணித்தால் வரும் கேடும் சொல்லத்தக்கது. முட்டை வெளிப்படாத மாதத்திற் புரோஜெஸ்டிரோன் சுரவாது. உள்வரி கழலாது தடித்துக்கொண்டே செல்லும். பின்னர் ஒருநாள் அடங்காப் பெருக்காக வெளிப்படும். ஆண்டுக்கணக்கில் இங்ஙனம் விடின் உள்வரி புற்றாக மாறுதற்கும் இடமுண்டு. சர்க்கரை நோயும் இளமையிலேயே தொடரும். எடை மிக்கவர் நூற்றுக்கு ஐந்து பத்துப் பங்கு குறைத்தாலே பலர்க்குப் பூப்பு ஒழுங்குபடுகின்றது. நாள்தோறும் விரைந்து நடத்தல், மைதாப் பண்டங்களையும் இனிப்பையும் குறைத்தல், நேரத்தில் உறங்குதல் ஆகிய இவையே முதல் மருந்து. எஞ்சியது மருத்துவர் கடன். மெலிந்தவர்க்கும் இது வருமாகலின், உடல் பருத்தவளை மட்டும் குறைகூறிப் பழித்தல் தகாது.

மூன்றாவது தைராய்டு. கழுத்தின் முன்புறத்துள்ள இச்சுரப்பி மந்தமாயினும் மிகையாயினும் மாத ஒழுங்கு குலையும். மந்தமானால் போக்கு மிகுதலும், உடல் தடித்தலும், குளிர் பொறாமையும், மலச்சிக்கலும் காணலாம். ஒரு குருதிச் சோதனையில் வெளிப்பட்டு, நாளொரு சிறு மாத்திரையில் அடங்கும் நோயை, அறியாமையால் ஆண்டுக்கணக்காகச் சுமக்கும் மகளிர் பலர்.

நான்காவது, பூப்பைத் தள்ளிப்போடும் மாத்திரை. குலதெய்வ வழிபாடு, குடமுழுக்கு, திருமணம் என்று நாள் குறித்தவுடன், மருந்துக்கடைக்கு ஆளனுப்பி அம்மாத்திரையை வாங்கி மகட்குத் தருகின்றோம். அது மேலே கூறிய புரோஜெஸ்டிரோனைப் போலத் தொழிற்படும் ஹார்மோனே ஆகும். குருதி உறைந்து கட்டும் இயல்பினர்க்கும், வேறு சில நோயுடையார்க்கும் அஃது இடர் விளைப்பது. ஒருமுறை மருத்துவரைக் கேட்டபின் உண்பது வேறு. ஆண்டுக்கு நான்கு விழாவுக்கும் தாமே வாங்கி உண்பது வேறு. வழிபாட்டுக்குச் செல்லும் மகளின் உடல்நலமும் அவ்வழிபாட்டின் பயன்களுள் ஒன்றன்றோ?

தாய்மார்களுக்கும் ஒரு சொல். நாற்பதைக் கடந்தபின் சினைப்பை ஓயத் தொடங்கும். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வாராதொழிந்தால் மாதவிடாய் நின்றதென்று கொள்க. அதற்கு முன்னைய சில ஆண்டுகளில் உடல் திடீரெனக் கனலுதலும், இரவில் வியர்த்தலும், உறக்கங்கெடுதலும், காரணமின்றிச் சினம் மூளுதலும் உண்டு. வீட்டார் அதனைக் குணக்கேடென்று கருதாது பொறுத்துதவுக. ஆனால், முற்றும் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒருதுளி குருதி காணினும் அன்றே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். ‘மறுபடியும் வந்தது’ என்று மகிழ்ந்தோ கூசியோ இருந்துவிடற்க; அது புற்றின் முதற்குறியாகவும் இருக்கலாம். தொடக்கத்திற் கண்டால் தீர்க்கத் தகுவது அந்நோய்.

எப்போது மருத்துவரை நாடுவது என்பாரும் உளர். 15 வயதாகியும் பூப்பெய்தாமை. 90 நாள் கடந்தும் வாராமை. 21 நாட்குள் மீண்டும் மீண்டும் வருதல். ஏழு நாளுக்கு மேல் நீடித்தல். ஒரு மணி இரண்டு மணிக்கொரு முறை துணி மாற்ற நேர்தல். பள்ளிக்கும் வேலைக்கும் செல்லவொட்டாத வலி. பால் கொடாதவட்கு மார்பிற் பால் கசிதல் ஆகிய இவற்றுள் ஒன்று காணினும் காலந்தாழ்த்தற்க. வலி பெண்பிறப்போடு வந்ததென்று சொல்லிப் பொறுக்கப் பழக்குகின்றோம். கருப்பையின் உள்வரி போன்ற திசு வெளியிடங்களில் வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய் இவ்வாறு பொறுக்கப் பழகியவரிடத்தே பல்லாண்டு அறியப்படாமற் கிடக்கின்றது.

இதுகாறும் கூறியன மருத்துவர் எவரும் கூறத்தக்கன. இனி நம் சங்கத்தார்க்கே உரியதொன்றைச் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு மாத ஒழுங்கு தவறினால் நம்மவர் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குதற்கு உண்மைக் காரணம் வறுமையன்று. அறியாமையும் முழுக் காரணமன்று. “மகப்பேற்று மருத்துவர் வீட்டு வாயிலில் நம் பெண்ணை எவரேனும் கண்டால் நாளை வரன் அமையுமோ?” என்னும் அச்சமே காரணம். நாம் நெருங்கிய உறவினர். ஒரு தெருவில் நிகழ்ந்தது மறுநாள் ஐந்து ஊர்க்கு எட்டும். ஆகலின் மூன்று மாதம் வாராத மகளை நான்காம் மாதம் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்கு மாறாக மணமேடைக்கு அழைத்துச் செல்லுகின்றோம். “கலியாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்” என்பது நம் தாய்மார் வாய்மொழி. இன்சுலின் தாலியை அறியாது. தைராய்டு முகூர்த்தம் பார்ப்பதில்லை. மணமாகி ஈராண்டு கழிந்தபின், அதே நோய் ‘மலடி’ என்னும் வசைச் சொல்லாக அவள் தலையில் விழுகின்றது. பதினேழு வயதில் எளிதில் நெறிப்படுத்தத் தக்கதாயிருந்ததை இருபத்தைந்தில் பெருஞ்செலவோடும் கண்ணீரோடும் தேடுகின்றோம். மகப்பேறின்மைக்கு ஆடவர்பாலுள்ள குறையும் ஏறத்தாழப் பாதியிடங்களிற் கலந்திருத்தலை மருத்துவர் காண்கின்றனர். அங்ஙனமாகவும் சோதனைக்கு முதலில் அனுப்பப்படுபவள் பெண்ணே. இவ்வச்சத்தை உண்டாக்கியவர் பிறரல்லர். வரன் பேசும் நாமே. நாம் உண்டாக்கியதை நாமே நீக்கவும் கூடும்.

ஆகலின் மூன்று வேண்டுகோள்களைச் சபையோர் முன் வைக்கின்றோம்.

முதலாவது, பூப்பெய்திய ஒவ்வொரு பெண்ணும் சிறு குறிப்பேடு ஒன்று வைத்து, தொடங்கிய நாள், நின்ற நாள், போக்கின் அளவு, வலி ஆகியவற்றைத் தன் கையால் எழுதி வருக. ஓராண்டுக் குறிப்பு ஒரு மருத்துவர்க்குப் பல சோதனைகளினும் பயன் தரும். தாய் அதனை மாதந்தோறும் கேட்டறிக. தந்தை, ‘மகளுக்கு உடம்பு சரியாக இருக்கின்றதா?’ என்று தாயைக் கேட்க நாணற்க. தமையன்மார் கடைக்குச் சென்று வேண்டுவன வாங்கிவரக் கூசற்க. கோயம்புத்தூர் முருகானந்தம் என்பார், மனைவி பழந்துணியை மறைத்து வைத்ததைக் கண்டு வருந்தி, ஊரார் நகைப்பையும் பொறுத்து, மலிவான அணையாடை செய்யும் எந்திரத்தை அமைத்தார். 2016ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதும் பெற்றார். ஆடவன் இதனைப் பேசினால் இழிவென்பார்க்கு அவர் வாழ்க்கையே மறுமொழி.

இரண்டாவது, மஞ்சள் நீராட்டு விழாச் செலவில் ஒரு சிறு பங்கை அப்பெண்ணின் உடல்நலத்துக்கென ஒதுக்குக. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் தந்து பதினாறு நாள் பேணுகின்றோம், நல்லதே. பதினேழாம் நாளும் அவள் வளரும் பிள்ளையே. ஆண்டுக்கொரு முறை ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். 12 கிராமுக்குக் குறையின் சோகை என்று அறிக. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இச்சோதனை கட்டணமின்றியே செய்யப்படும்.

மூன்றாவது, நம் சங்கக் கட்டிடத்திலேயே ஆண்டுக்கொரு நாள் பெண் மருத்துவர் ஒருவரை வருவித்து, சோகை, தைராய்டு, சர்க்கரை ஆகிய மூன்று சோதனைகளும் நம் மகளிர் அனைவர்க்கும் நடத்துக. தலைவர் வீட்டுப் பெண்களும் செயலாளர் வீட்டுப் பெண்களும் அன்று முதலில் வந்து அமர்வாராயின், ‘அவள் ஏன் சென்றாள்?’ என்னும் பேச்சுக்கு இடமே இராது. யாவரும் செல்லும் வழியில் ஒருத்தியைச் சுட்டிக் காட்டுவார் யார்? வரன் பேசுவோரும், மருந்துண்ணும் பெண்ணைக் குறையுடையவளென்று தள்ளாதிருக்க உறுதி கொள்க. தன் உடலை அறிந்து பேணுபவள் நல்ல இல்லத்தரசியாதற்குத் தகுதி உடையவளேயன்றி இல்லாதவளல்லள்.

இளநங்கையரே! உங்கட்கு வருவது நாணத்தக்கதன்று, நோயுமன்று. ஆனால் அதில் மாற்றம் நேர்ந்தால் அதனை உரைத்தற்குச் சொற்கள் உள. நாள் தள்ளிற்று, போக்கு மிகுந்தது, வலி பொறுக்கவில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். ‘வயிற்றுவலி’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள்.

பெரியோர்களே! முதலில் ஐயுற்று வினவிய பெரியோர்களும் எழுந்து செல்லாது அமர்ந்திருத்தலைக் கண்டு உவகையுறுகின்றோம். மூன்றாம் வேண்டுகோளை இக்கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றி, மருத்துவர் வரும் நாளையும் குறித்துவிடுமாறு தலைவர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொண்டு அமைகின்றோம்.